அசல் அங்கே, நகல் இங்கே: இணையதளம் இயங்கும் விதத்தைச் சிறு குழந்தைகள் கையால் செய்து கற்கும் வகுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

"நீ டேப்லெட்டில் பார்க்கிற பூனைப் பக்கம் இப்போது எங்கே இருக்கிறது? வரைந்து காட்டு." எட்டு வயதுக் குழந்தையிடம் இப்படிக் கேட்டுத் தாளை நீட்டினால், பெரும்பாலும் மூன்று வகைப் படங்களில் ஒன்று வரும். டேப்லெட்டுக்குள்ளேயே பூனை உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் விளக்கு மின்னும் வைஃபை பெட்டிக்குள் இருக்கும். பெரியவர்கள் 'கிளவுட்' என்று பேசுவதைக் கேட்ட குழந்தையாக இருந்தால் வானத்தில் ஒரு மேகம், மேகத்துக்குள் பூனை. மூன்றுமே யோசித்து வரைந்த படங்கள்தான். தொட்டதும் பக்கம் வந்துவிடுகிறது, வந்த வழி எங்கும் தெரிவதில்லை. கண்ணில் பட்டதை வைத்துக் குழந்தை போட்ட கணக்கு அது.

அந்தப் படத்தை மாற்ற முயலும் நான்கு அமர்வு வகுப்பு ஒன்றை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. 7 முதல் 9 வயது வரை 24 குழந்தைகள், 2 பெரியவர்கள், அமர்வுக்கு 40 நிமிடம் என்று அளவு வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று அமர்வுகளில் கணினி கிடையாது. தாள், உறை, மை தொட்டுக் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப், பகடை போதும்.

இணையதளத்தை நடித்துக் காட்டும் விளையாட்டுகள் வழக்கமாக இப்படி நடக்கும்: ஒரு குழந்தை சீட்டில் கேட்கிறது, 'சர்வர்' (பக்கங்களை வைத்திருந்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினி) வேடமிட்ட குழந்தை தன்னிடம் உள்ள பூனைத் தாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பார்க்கச் சரியாக இருக்கும், கற்பிப்பது தவறு. தாள் கைமாறிவிட்டது, சர்வரிடம் இப்போது பூனை இல்லை. அடுத்தவர் கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லை. நிஜத்தில் சர்வர் தன் கோப்பை யாருக்கும் தூக்கிக் கொடுப்பதில்லை. கேட்டவருக்கெல்லாம் நகல் அனுப்புகிறது, அசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த ஒன்றைச் சரியாக நடத்திவிட்டால், படம் தாமதமாக வருவது, பழைய பக்கமே மறுபடி தெரிவது, அழித்த பிறகும் எங்கோ ஒரு பிரதி கிடப்பது என்று பின்னால் வரும் பல கேள்விகளுக்குக் குழந்தை தானே விடை சொல்லும். அதனால் இங்கே எல்லாச் செயல்பாடும் 'அசல் எங்கே, நகல் யாரிடம்' என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்திருக்கிறது.

அறையும் பொருளும்

ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பயனர், ஒரு பிரௌசர், ஒரு சர்வர், இரண்டு ரூட்டர் (வழிகாட்டி அனுப்புபவர்), ஒரு பெயரேடு (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தருபவர்). முதல் அமர்வில் பெயரேட்டுக்கு வேலை இல்லை. அந்தக் குழந்தை இரண்டாவது பயனராக இருக்கட்டும், அந்த இரண்டாவது ஆள் மிகவும் தேவைப்படுவார். ரூட்டர்கள் முதல் அமர்வில் சீட்டைச் சுமந்து போய்வருபவர்கள் மட்டுமே.

பயனரையும் பிரௌசரையும் ஒரே குழந்தையிடம் கொடுத்துவிடும் ஆசை எழும். கொடுக்கக் கூடாது. பயனர் ஆசைப்படுபவர், பிரௌசர் அந்த ஆசையைச் சீட்டாக எழுதி அனுப்பி, வந்த துண்டுகளை ஒட்டிப் பக்கமாக்குபவர். இருவரும் ஒருவரானால், பக்கம் திரையில் வைத்துத்தான் கட்டப்படுகிறது என்ற செய்தியே காணாமல் போகும்.

ஒரு குழுவுக்கு: ஏ4 தாள் 20, டிரேசிங் தாள் 10, உறை 12, வெவ்வேறு உருவமுள்ள ஸ்டாம்ப் 3, மைப்பட்டை 1, கோப்புறை 1, காலணி அட்டைப்பெட்டி 1, பகடை 1. வேண்டுகோள் சீட்டுக்காக நான்கு ஏ4 தாள்களை எட்டெட்டாகக் கிழித்தால் 32 சீட்டு கிடைக்கும். ஸ்டாம்ப் இல்லாவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பரில் பெரியவர் ஒருவர் செதுக்கித் தரலாம்.

சர்வரின் மேசை ஐந்து மீட்டராவது தள்ளி, பிரௌசரின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அப்பால், கதவுக்கு வெளியே எங்காவது. பக்கத்திலேயே இருந்தால் குழந்தைகள் கிசுகிசுத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள், சீட்டு எதற்கென்றே புரியாது. பேச்சு கூடாது, சீட்டில் எழுதியது மட்டுமே செல்லும் என்பது முதல் விதி.

முதல் அமர்வு: கேட்பதும் அனுப்புவதும்

சீட்டில் மூன்று கட்டம்: 'எந்தச் சர்வர்', 'எது வேண்டும்', 'யாருக்கு அனுப்ப வேண்டும்'. மூன்றாவது கட்டத்தை முதல் சுற்றில் பாதிப் பேர் வெறுமையாக விடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் திருத்தக் கூடாது. சீட்டு போகும், சர்வர் படிப்பார், நகல் எடுப்பார், பிறகு கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பதென்று விழிப்பார். இந்தப் பக்கம் பிரௌசர் காத்திருப்பார். இரண்டு நிமிடம் காத்த பிறகு, என்ன விட்டுப்போனது என்று பிரௌசரே கண்டுபிடிப்பார். கேட்கிறவரின் முகவரியும் சீட்டோடு போயாக வேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது நம் இணைய முகவரியான ஐபி எண் அந்தத் தளத்துக்குத் தெரிவதும் இதனால்தான்.

சர்வரின் கோப்புறையில் 'பூனை' என்ற பக்கம் ஒரு தாளில் இருக்கும்: மேலே தலைப்பு, நடுவில் இரண்டு வரி, கீழே மூன்று காலிக் கட்டங்கள். கட்டங்களுக்குள் 'படம் 1', 'படம் 2', 'படம் 3' என்று பெயர் மட்டும். படங்கள் ஸ்டாம்ப்களாகத் தனியே இருக்கும். பக்கம் கேட்டு வந்த சீட்டுக்கு, சர்வர் டிரேசிங் தாளை அசலின் மேல் வைத்து எழுதி அனுப்புவார். அது வந்து சேர்ந்ததும் பயனர் "படத்தைக் காணோமே" என்பார். பிரௌசர் கட்டத்துக்குள் இருக்கும் பெயரைப் பார்த்து, படம் 1-க்கு ஒரு சீட்டு, படம் 2-க்கு ஒரு சீட்டு, படம் 3-க்கு ஒரு சீட்டு என்று மறுபடி எழுத வேண்டும். ஒரு பக்கம், மூன்று படம், நான்கு வேண்டுகோள். எழுத்து முதலில் தெரிந்து படம் பிறகு ஒவ்வொன்றாக வந்து உட்காருவதைத் திரையில் பார்த்திருக்கிற குழந்தைகள் இந்த இடத்தில் "ஓ, அதான் அப்படியா!" என்பார்கள். அந்தச் சத்தம் வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

டிரேசிங்கும் ஸ்டாம்பும் சேர்ந்து இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டாம்ப் வேகமானது. குத்தியதும் நகல் போய்விடும், அசல் கையிலேயே நிற்கும். ஆனால் ஸ்டாம்பை மாற்ற முடியாது, அதனால் 'தளத்தைத் திருத்துவது' என்பதை அதில் காட்ட முடியாது. டிரேசிங் மெதுவானது, ஆனால் அசலில் ஒரு வரியை மாற்றினால் அடுத்த நகலில் அது வந்துவிடும். எழுத்துக்கு டிரேசிங், படத்துக்கு ஸ்டாம்ப் என்று பிரித்தால் இரண்டின் பலனும் கிடைக்கும். பக்கத்தில் மொத்தம் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். சர்வர் குழந்தைக்குக் கை வலித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். முன்கூட்டியே அச்சிட்ட முப்பது பிரதிகளை அடுக்கிவைத்து எடுத்துக் கொடுப்பது எளிதுதான். ஆனால் அடுக்கு குறைந்துகொண்டே போவதைப் பார்க்கும் குழந்தை, நிறையப் பேர் பார்த்தால் பக்கம் தீர்ந்துபோகும் என்று முடிவு கட்டும்.

அடுத்து, இல்லாத பக்கத்தைக் கேட்க வைக்க வேண்டும். பயனருக்கு டைனோசர் வேண்டும், சர்வரிடம் டைனோசர் இல்லை. இங்கே கருணையால் ஒரு கோளாறு வரும்: சர்வர் குழந்தை சட்டென்று ஒரு டைனோசரை வரைந்து அனுப்பிவிடும். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப அதற்கு மனம் வராது. அதைக் கடிந்துகொள்ளாமல், சர்வரின் மேசையில் மூன்று பதில் அட்டைகளை வையுங்கள்: '200, இருக்கிறது', '404, இல்லை', '500, என்னால் முடியவில்லை'. கோப்புறையில் இருந்தால் 200, இல்லாவிட்டால் 404, மைப்பட்டை காய்ந்துபோனால் 500. இந்த மூன்றும் நிஜமாகவே சர்வர்கள் சொல்லும் எண்கள். தேடல் பக்கம் போன்றவற்றைச் சர்வர் அந்த நேரத்தில்தான் உருவாக்கித் தருகிறது என்பதும் உண்மையே. ஆனால் அது இந்த வயதுக்கு இரண்டாம் வருடப் பாடம். முதலில் 'இருப்பதைத்தான் தர முடியும்' என்பது நிலைபெறட்டும்.

இப்போது இரண்டாவது பயனர். முதல் பயனரிடம் அவருக்கு வந்த பூனைக்குச் சிவப்பு மீசை வரையச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவது பயனர் அதே பக்கத்தைக் கேட்கட்டும். பக்கம் வருவதற்கு முன் எல்லோரிடமும் கேளுங்கள்: "மீசை இருக்குமா, இருக்காதா?" வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். மீசையில்லாத பூனை வந்து இறங்கும்போது அசலும் நகலும் வேறு வேறு என்பது வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும்.

இதையே திருப்பியும் செய்ய வேண்டும். சர்வர் தன் அசலில் தலைப்பை மாற்றுகிறார். முதல் பயனரின் கையில் இருப்பது பழைய தலைப்பு, அது தானாக மாறவில்லை. மறுபடி கேட்டால்தான் புதியது வரும். பிரௌசரின் மேசைக்கு அடியில் காலணிப் பெட்டியை வைத்து, வந்த நகல்களை அதில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்கும்போது முதலில் பெட்டியைப் பார்த்து, இருந்தால் அதையே கொடுக்கலாம் என்று விதி சேருங்கள். வேலை சட்டென்று முடியும், பிரௌசருக்கு மகிழ்ச்சி. ஆனால் சர்வரில் தலைப்பு மாறிய பிறகும் பயனருக்குப் பழையதே வரும். பெட்டிதான் கேஷ், அதாவது பிரௌசர் சேமித்துவைக்கும் நகல்களின் இடம். ரிஃப்ரெஷ் பொத்தான் எதற்கு என்பது அங்கேயே விளங்கும்.

சர்வர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் யாருக்கும் பக்கம் வராது. இதையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். உலகின் முதல் இணையதளம், அதை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினி ஒன்றில் இருந்தது. அதன்மேல் 'இந்த இயந்திரம் ஒரு சர்வர், இதை அணைக்காதீர்கள்' என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. குழந்தைகள் தங்கள் சர்வர் மேசைக்கும் அப்படியொரு சீட்டு எழுதி ஒட்டலாம். அடுத்த மூன்று அமர்வுகளுக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

இரண்டாம் அமர்வு: பெயரும் எண்ணும்

இது சுருக்கமான பாடம், இழுக்க வேண்டியதில்லை. சர்வர்களுக்குப் பெயர்களும் எண்களும் கொடுக்கிறோம். நிஜ ஐபி எண், அதன் பழைய வடிவத்தில், 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களின் வரிசை. இந்த வயதில் நான்கையும் சுமக்க வைத்தால் நகலெடுப்பதில் பிழை வந்து பாடம் திசைமாறும். ஆகவே மேசைக்கு இரண்டிலக்க எண் ஒன்று போதும். சுவரில் ஒட்ட நிஜம் போன்ற எண் வேண்டுமென்றால் 203.0.113 என்று தொடங்கும் எண்ணை எழுதுங்கள். அந்த வரிசை எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கப்பட்டது, வீட்டில் போய்த் தட்டிப் பார்த்தாலும் யாருடைய தளமும் திறக்காது.

பெயரைக் குழந்தைகள் தமிழிலேயே எழுதட்டும். இணைய முகவரி தமிழ் எழுத்தில் இருக்க முடியும். 2007-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பல மொழி எழுத்துகளில் சோதனைக்காகச் சேர்த்த 11 மேல்நிலைப் பெயர்களில் (முகவரியின் கடைசிப் பகுதி) 'பரிட்சை'யும் ஒன்று, 'உதாரணம்.பரிட்சை' என்பது முகவரியாகவே இயங்கியது. வகுப்புக்கு 'பூனை.பரிட்சை', 'மழை.பரிட்சை' என்று வைத்துக்கொள்ளலாம்.

தொலைபேசி விவரத்திரட்டை உவமையாகச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம். அதைக் கண்ணால் பார்த்த குழந்தை இன்று இல்லை. கைபேசியில் பாட்டியின் பெயரைத் தொட்டால் எண் தானே போகிறதல்லவா, அதுதான் பொருத்தம். பிரௌசர் முதலில் பெயரேட்டிடம் சீட்டு அனுப்பி எண் வாங்க வேண்டும், பிறகுதான் சர்வருக்கு. இங்கே வரும் வழக்கமான தவறு, பெயரேட்டுக் குழந்தை பக்கத்தையே வாங்கிவந்து கொடுக்க முயல்வது. பெயரேட்டின் கையில் எண்களைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் நான்கு பெயரேடுகளையும் நீக்கி, 24 பேருக்கும் ஒரே பெயரேடு என்று வையுங்கள். ஆளாளுக்கு ஒரு பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். மேசைக்கு முன்னால் வரிசை நீளும், பெயரேட்டுக் குழந்தை திணறும். ஆரம்ப காலத்தில் பெயர்ப்பட்டியல் முழுவதும் ஒரே கோப்பில்தான் இருந்தது, எல்லோரும் அதன் நகலை வாங்கிவைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்ற பெயரேட்டு முறை, பட்டியலைப் பலரிடம் பங்கிட்டுக் கொடுத்தது. வரிசையில் நின்று சலித்த குழந்தையிடம் "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அதுவே "இன்னொரு ஆளை வையுங்கள், பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும்.

மூன்றாம் அமர்வு: பொட்டலங்கள்

இதுவரை நகல் முழுத் தாளாகப் போனது. இனித் துண்டு துண்டாகப் போகும். ஒரு ஏ4 படத்தை இரண்டுக்கு நான்கு என்று எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போடுகிறோம். உறைமேல் எங்கிருந்து, எங்கே, எட்டில் எத்தனையாவது.

எண் போடுவது வெட்டுவதற்கு முன். வெட்டிய பிறகு எண் போட முயன்ற குழுவில் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று அனுப்புகிறவருக்கே தெரியாமல் போகும். ஒவ்வொரு துண்டின் மேல்விளிம்பிலும் சிறு அம்புக்குறி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் வானமும் கடலும் தலைகீழாக ஒட்டப்படும், அதைத் திருத்துவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். உறைமேல் எழுதுவதும் நகல் துண்டு செய்வதும் நேரம் பிடிக்கும் வேலை. அசலும் அதன் நகலும் ஏற்கெனவே எட்டெட்டாக வெட்டப்பட்டு எண்ணிடப்பட்டிருந்தால் நல்லது. குழந்தைகள் வெட்டிப் பார்க்க வேறொரு தாள் கொடுக்கலாம்.

ரூட்டர்கள் இப்போது முழு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் பார்க்க அனுமதி உள்ளது 'எங்கே' என்ற வரி மட்டும். உறையைத் திறக்கக் கூடாது. இரண்டு குழுக்களின் ரூட்டர்களை இணைத்து நான்கு பேராக்கினால், ஒவ்வொரு உறைக்கும் இரண்டு வழிகள் இருக்கும். யாரிடம் கையில் உறை குறைவாக இருக்கிறதோ அவரிடம் தள்ளலாம். இதனால் 5-ஆவது துண்டு 2-ஆவதற்கு முன்னால் போய்ச் சேரும், அதுதான் வேண்டும். கடைசி ரூட்டர் ஒவ்வொரு உறைக்கும் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் உறை குப்பைக்கூடைக்கு. எட்டு உறைக்குச் சராசரியாக ஒன்றோ இரண்டோ தொலையும். 1, 2 இரண்டுக்கும் தொலையும் என்று வைத்தால் ஆட்டம் முடியவே முடியாது, குழந்தைகள் பொறுமை இழப்பார்கள்.

வந்து சேர்ந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பிரௌசர் 'வந்தது' என்று ஒரு சீட்டு திருப்பி அனுப்ப வேண்டும். சர்வர் எந்த எண்ணுக்குச் சீட்டு வரவில்லையோ அதை மறுபடி அனுப்புவார். எதிலிருந்து அனுப்புவார்? முதல் அமர்வின் கேள்வி இங்கே திரும்பி வருகிறது. அசல் அவரிடம் இருப்பதால்தான் தொலைந்ததை மறுபடி அனுப்ப முடிகிறது. ஒரு குழுவில் வேண்டுமென்றே நகல் துண்டுகள் இல்லாமல் அசல் துண்டுகளையே அனுப்பவிட்டு, தொலைந்ததும் என்ன ஆகிறதென்று பார்க்க வையுங்கள். கூடையைக் கிளறப் போவார்கள். கூடையைத் தொடக் கூடாது என்றதும் வரும் மௌனம் பயனுள்ளது. நிஜ வலையிலும், துண்டுகள் தவறாமல் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி முறையில் அனுப்புகிறவர், பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வரும்வரை தன் பிரதியை வைத்திருப்பார்.

'வந்தது' சீட்டும் வழியில் தொலையலாமா என்று ஏதாவதொரு குழந்தை கேட்கும். தொலையலாம். அப்போது சர்வர் அதே துண்டை இன்னொரு முறை அனுப்புவார், பிரௌசரிடம் 6-ஆம் எண் இரண்டு இருக்கும். ஒன்றை எறிந்துவிட வேண்டியதுதான், எண் இருப்பதால் குழப்பம் இல்லை. நிஜத்திலும் அப்படியே.

படத்துக்குப் பதில் எழுத்தை அனுப்பினால் தமிழ் போன்ற எழுத்துகளில் தெரியும் ஒரு காட்சி கிடைக்கும். 'கொக்கு' என்ற சொல்லைத் துண்டாக்கச் சொன்னால், சில குழந்தைகள் கொம்பு ஒரு துண்டு, ககரம் ஒரு துண்டு, கால் ஒரு துண்டு என்று வெட்டிவிடுவார்கள். தவறு என்று சொல்லிவிடாதீர்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பது 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு, அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் (கணினித் தரவின் சிறு அலகு), ஆக 6 பைட். பொட்டலம் பைட்டுகளை எண்ணித்தான் வெட்டுகிறது. எழுத்தின் நடுவில் வெட்டு விழுகிறதா என்று அது பார்ப்பதில்லை. எல்லாத் துண்டும் வரிசைப்படி சேர்ந்த பிறகுதான் எழுத்து எழுத்தாகும். கொம்பு மட்டும் வந்து ககரம் வராமல் காத்திருக்கும் பிரௌசர் குழந்தைக்கு இது கையிலேயே தெரியும்.

அளவைச் சொல்லவும் இது நல்ல இடம். வலையில் போகும் ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் போவதில்லை. 30 லட்சம் பைட் உள்ள ஒரு புகைப்படம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் போகும். எட்டு உறைக்கே இவ்வளவு ஓடிய குழந்தைகளுக்கு அந்த எண்ணின் கனம் புரியும்.

நான்காம் அமர்வு: பக்கம் கட்டுவதும் நிஜச் சர்வரும்

முதல் 15 நிமிடம் தாளில். பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் எச்டிஎம்எல் என்பதைக் குழந்தைகளுக்கு 'திற', 'மூடு' சீட்டுகளாகக் கொடுக்கலாம்: 'தலைப்பு திற', 'தலைப்பு மூடு', 'பத்தி திற', 'பத்தி மூடு'. சர்வரிடமிருந்து வருவது இந்தச் சீட்டுகளும் சொற்களும் கலந்த ஒரு நீள வரிசை. பிரௌசர் அதை ஒவ்வொன்றாகப் படித்துச் சுவர்த்தாளில் எழுத வேண்டும். 'தலைப்பு திற' என்றதும் தடித்த ஸ்கெட்ச் பேனா, 'தலைப்பு மூடு' என்றதும் மெல்லிய பேனா. ஒரு குழுவுக்குத் தரும் வரிசையில் 'தலைப்பு மூடு' சீட்டை எடுத்துவிடுங்கள். பிரௌசர் நேர்மையாக விளையாடினால் கடைசிச் சொல்வரை தடித்த பேனாவிலேயே எழுதிக்கொண்டு போவார், தாளில் இடம் போதாமல் போகும். நிஜ பிரௌசரும் இப்படித்தான், தலைப்பை மூடாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் பெரிய எழுத்தாகிவிடும்.

நிறத்துக்கும் அழகுக்கும் வண்ணக் கண்ணாடித்தாளை மேலே விரித்துக் காட்டும் முறை ஒன்று பரவலாக உண்டு. பார்க்க அழகு, ஆனால் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் அப்படி மேலே பூசும் பூச்சு இல்லை. அது விதி. 'தலைப்பெல்லாம் பச்சை, பத்தியெல்லாம் நீலம்' என்று ஒரு விதித்தாளைத் தனியே கொடுங்கள், அடுத்த குழுவுக்கு வேறு விதித்தாள். ஒரே சொற்கள், இரண்டு தோற்றம்.

மீதி 25 நிமிடத்தில் பெரும்பகுதி கணினிக்கு. பெரியவரின் மடிக்கணினியே சர்வராகிறது. பைதான் என்ற நிரல்மொழியை நிறுவியிருந்தால் அதனோடு வரும் சிறு எச்டிடிபி சர்வரை (எச்டிடிபி என்பது பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறை) ஒரே கட்டளையில் தொடங்கலாம். வழக்கமாக அது 8000 என்ற போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட வாசல்) இயங்கும். அதே வைஃபையில் உள்ள டேப்லெட்டில் மடிக்கணினியின் ஐபி எண்ணையும், முக்காற்புள்ளிக்குப் பின் 8000-ஐயும் தட்டினால் பக்கம் வரும். முந்தின நாளே சோதித்துப் பார்க்க வேண்டிய இடர்கள் இவை. மடிக்கணினியின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் வேண்டுகோளைத் தடுக்கும், அனுமதி கொடுக்க வேண்டும். பொது வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். அங்கே எதுவும் நடக்காது, தனி ரூட்டர் ஒன்று கொண்டுபோவதே வழி. அந்தத் தனி ரூட்டரில் இணையம் இல்லை என்று கண்டதும் கைபேசிகள் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், டேட்டாவை அணைத்துவைக்கவும். முகவரியின் முன் எச்டிடிபி என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள், சில பிரௌசர்கள் தாமாகவே பாதுகாப்பான வடிவத்தைத் தேடிப் போய்த் தோற்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தக் கோப்புறையில் சர்வரைத் தொடங்குகிறோமோ அதிலுள்ள எல்லாமே மற்றவர் கண்ணுக்குத் திறந்துவிடும். புதிதாக ஒரு காலிக் கோப்புறை உருவாக்கி, வகுப்புக் கோப்புகளை மட்டும் அதில் வையுங்கள்.

குழந்தைகளுக்குப் பாதி எழுதிய கோப்பு போதும். தலைப்பு, பத்தி, படத்தின் பெயர் ஆகிய மூன்றை மட்டும் அவர்கள் மாற்றட்டும். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்ற வரி கோப்பின் தலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ சிதறக்கூடும். நோட்பேடில் சேமிக்கும்போது எச்டிஎம்எல் என்ற விகுதிக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று இன்னொன்று ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். படப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் உடைந்த படக் குறி தெரியும். அதைத் திருத்தித் தர அவசரப்படாதீர்கள். முதல் அமர்வில் கட்டம் காலியாக இருந்தது ஏன் என்று கேளுங்கள்.

சர்வர் இயங்கும் கருப்புச் சாளரத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டுவது இந்த அமர்வின் உயிர். ஒவ்வொரு வேண்டுகோளும் அதில் ஒரு வரியாக விழும், கடைசியில் 200 அல்லது 404 என்ற எண்ணோடு. பூனைப் பக்கத்தை ஒரு டேப்லெட் திறந்ததும் பக்கத்துக்கு ஒரு வரி, படங்களுக்கு மூன்று வரி. குழந்தைகள் விரல்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் ஐந்தாவதாக, யாரும் கேட்காத ஒரு வரி 404-ஓடு வந்து நிற்கும். பக்கத்தின் பெயருக்கு அருகில் காட்டும் சின்னப் படக்குறியை பிரௌசர் தானாகவே கேட்டுப் பார்ப்பதால் வருவது அது. பயனர் வேறு, பிரௌசர் வேறு என்று முதல் நாள் பிரித்துவைத்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறகு மடிக்கணினியை மூடுங்கள். டேப்லெட்டுகளில் ரிஃப்ரெஷ் செய்தால் பக்கம் வராது, ஏற்கெனவே திரையில் திறந்திருப்பது மட்டும் நிற்கும்.

அழிப்பது பற்றி

பத்து நிமிடம் மிச்சம் வைத்து, தாள் விளையாட்டுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். சர்வர் தன் பூனைப் பக்கத்தைக் கிழித்துக் கூடையில் போடட்டும். இனி யார் கேட்டாலும் 404. "பூனை போய்விட்டதா?" என்று கேளுங்கள். முதல் பயனரிடம் மீசையோடு ஒன்று இருக்கும், காலணிப் பெட்டியில் ஒன்று, இரண்டாவது பயனரிடம் ஒன்று. யாராவது ஒருவர் போன வாரமே வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். எல்லாவற்றையும் திரும்பச் சேகரிக்கச் சொல்லிப் பாருங்கள், முடியாது. படத்தை யாருக்கு அனுப்புவது, எங்கே போடுவது என்று பெரியவர்கள் பயமுறுத்திச் சொல்லும் அறிவுரையைவிட, நகல்களைத் தேடி அலைந்த அந்த ஐந்து நிமிடம் ஆழமாகப் பதியும். இங்கே கூடுதலாக உபதேசம் செய்யாமல் இருப்பதே நல்லது.

மறுபடி அதே கேள்வி

கடைசியில் முதல் நாள் கேட்ட கேள்வியையே கேட்டு, புதுத் தாளில் வரையச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியவை: பூனை இரண்டு இடத்தில் இருக்கிறதா, இரண்டுக்கும் நடுவில் போகும் அம்பும் வரும் அம்பும் தனித்தனியா, சர்வரில் உள்ள பூனை அழிக்கப்படாமல் இருக்கிறதா. வரும் அம்பை மட்டும் வரைந்த குழந்தைக்குக் கேட்பது என்ற பாதி இன்னும் நிலைக்கவில்லை. அதற்கு அடுத்த முறை பிரௌசர் வேடம் கொடுங்கள். பூனை சர்வரிலிருந்து டேப்லெட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டதாக வரைந்தவருக்குச் சர்வர் வேடம்.

நான்கு அமர்வுக்குப் பிறகும் எளிதில் அசையாத எண்ணம் ஒன்று உண்டு: வைஃபைதான் இணையம் என்பது. இதற்குத் தாள் விளையாட்டு உதவாது. ரூட்டருக்கு வெளியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிக் காட்ட வேண்டும். வைஃபை குறி திரையில் அப்படியே இருக்கும், ஆனால் வெளித் தளம் எதுவும் வராது. வகுப்பு மடிக்கணினியின் பக்கம் மட்டும் வரும். காற்றில் போவது அறைக்குள் உள்ள அந்தக் கடைசிச் சில மீட்டர்தான். மேகம் வரைந்தவர்களுக்கு, கண்டங்களுக்கு நடுவே தரவு பெரும்பாலும் கடலடிக் கம்பிகள் வழியாகப் போகிறது என்பதைச் சொல்லி, ஆழ்கடலில் அந்தக் கம்பி தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவே தடிமன் என்று ஒரு குழாய்த் துண்டைக் கையில் கொடுக்கலாம்.

5, 6 வயதினருக்கு முதல் அமர்வு மட்டும் போதும், அதுவும் 20 நிமிடம். எழுத்துக்குப் பதில் ஸ்டாம்ப் படமே சீட்டு: எது வேண்டுமோ அதன் உருவத்தைக் குத்தி அனுப்பட்டும். பொட்டலம் வேண்டுமென்றால் எட்டுக்குப் பதில் நான்கு துண்டு, பகடை வேண்டாம். 10 வயதுக்கு மேல் பெயரேட்டை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம்: கடைசிப் பெயர் யாரிடம் என்று சொல்பவர் ஒருவர், தளத்தின் பெயர் யாரிடம் என்று சொல்பவர் ஒருவர், எண் சொல்பவர் ஒருவர். மூவரில் எவரும் பூனையைப் பார்த்ததே இல்லை என்பதை அந்த வயதினர் தாமாகவே கவனித்துச் சொல்வார்கள்.